குழாய்க்கு மஃப்ளர் கட்டியவர்

பாலைவனத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இன்று ராத்திரி குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுமோ என்று கவலைப்பட்ட மனிதர், உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஒருவர்தான். எண்ணிப் பார்க்காமல் எதையும் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. இதையும் எண்ணித்தான் சொல்கிறேன்.

அவர் பெயர் கம்பெனிப் பதிவில் ஏதோ இருந்தது. நாங்கள் கூப்பிட்டது பனி அண்ணாச்சி என்று. தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களுக்கு நடுவே பிறந்தவர். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. காதில் எப்போதும் ஒரு பென்சில். கையில் எப்போதும் ஒரு சாக்கு.

எழுபதுகளின் நடுவில் நான் கல்ஃபில், அல் ஐன் என்ற ஊரில், ஒரு கட்டடக் கம்பெனியில் அளவு குமாஸ்தாவாக இருந்தேன். எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், எத்தனை குழாய் என்று எண்ணி எழுதுவதுதான் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. நாங்கள் கட்டி முடித்து, பராமரிப்பும் பார்த்துவந்த குடியிருப்பு ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. இருபத்து நான்கு வீடுகள். வீட்டுக்கு ஏழு குழாய். மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. டாக்டர்கள், என்ஜினியர்கள், கணக்கு அதிகாரிகள் என்று குடும்பத்தோடு வந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட எங்கள் கேம்ப்.

குளிர் என்றால் அங்கே ஜனவரியில் ஒரு குளிர் உண்டு. அதை மறுக்கமாட்டேன். விடியற்காலையில் பல் கிட்டும். எனக்கு மூக்கு ஒழுகும். ஆனால் தண்ணீர் உறையாது. உறைந்ததாக அந்த ஊர்க் கிழவர்கள்கூடச் சொன்னதில்லை.

பிறகு ஏன் கவலை? ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதை எழுதிய கன்சல்டன்ட்கள் ஏதோ பனி கொட்டுகிற தேசத்தில் இருந்தார்கள். அங்கே ஓர் ஊருக்கு எழுதியதை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. 'குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் உறையாமல் பாதுகாக்கப்பட வேண்டும். இதில் அனுபவம் உள்ள ஓர் ஆள் நியமிக்கப்பட வேண்டும்.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திய பிறகுதான் எங்கள் மேனேஜர் அதைப் படித்தார்.

கேம்ப் முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார்: "குழாய் உறைகிற ஊரில் வேலை பார்த்தவன் எவனாவது உண்டா?"

கேம்ப்பில் பாதிக்குமேல் இருந்த ராமநாதபுரத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் குழாயே அபூர்வம். பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொரு கையும் எழுந்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை.

"நான் இருக்கேன் சார். ஊட்டியில பாத்திருக்கேன்."

அப்படித்தான் ஷார்ஜாவில் ரோலா என்ற பேட்டையில் ஓர் அறையில் பதினோரு பேரோடு படுத்துக்கொண்டு சில்லறைக் குழாய் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்திருந்த அண்ணாச்சி, ஒரே காலையில் உறைபனி நிபுணர் ஆனார். விசாவும் அந்த வேலையின் பேரிலேயே மாற்றி எழுதப்பட்டது.

ஊட்டிக் கதையை அவர் என்னிடம் மட்டும் பத்தொன்பது முறை சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு கான்வென்ட் மாதிரிப் பள்ளிக்கூடத்தில் குழாய்க்காரராக இருந்தார். ஜனவரியில் புல் எல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுக்குமாம். ஒரு ராத்திரி ஹெட்மாஸ்டர் வீட்டு மச்சில் போன குழாய் உறைந்து வெடித்து, விடிவதற்குள் தண்ணீர் கீழே இறங்கி, ஹெட்மாஸ்டர் கட்டிலோடு மிதந்தார். முதல் முறை சொன்னபோது அது அரை அங்குலக் குழாய். ஐந்தாம் முறை ஓர் அங்குலம். பதினைந்தைத் தாண்டியபோது அது நாலு அங்குலக் குழாயாகி, ஹெட்மாஸ்டரோடு அவர் நாயும் பியானோவும் சேர்ந்து மிதந்தன. நான் குழாய் அளவைத் திருத்தப் பார்த்தால், "நீரு அங்க இருந்தீரா வே?" என்பார்.

ஆனால் பத்தொன்பது முறையும் மாறாத ஒரு வரி கடைசியில் வரும். "ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சுப் போயிக் கொழாயப் பாக்கணும்னு சொல்லியிருந்தாவ. அன்னைக்கி நான் தூங்கிட்டேன் வே." அதோடு பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் காலையிலேயே அவர்கள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்பதை நானாகத்தான் ஊகித்தேன்.

அண்ணாச்சியின் முதல் குளிர்காலத்தில் குடியிருப்பே உருமாறிவிட்டது. மாடித் தொட்டியிலிருந்து சுவரோரமாக இறங்கும் குழாய்கள் எல்லாவற்றுக்கும் அரிசிச் சாக்கை வெட்டிச் சுற்றிச் சணலால் கட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு சாக்குகள். வாசலில் நின்று பார்த்தால் வீட்டுக்கு வீடு ஆள் ஒருவர் கோணி உடுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பதுபோல் இருக்கும். ஒவ்வொருவர் முழங்காலிலும் 'முதல் தர பாசுமதி' என்று எழுதியிருக்கும்.

சாக்கு தீர்ந்ததும் கேம்ப்பில் கொடியில் காய்ந்த துணிகளுக்கு ஆபத்து வந்தது. ஒருவர் ஸ்வெட்டர் காணாமல் போனது. ஒருவருடைய கம்பளியில் பாதி போனது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொண்டை கொஞ்சம் சரியில்லை. அம்மா பின்னிக் கொடுத்த பழுப்பு மஃப்ளர் ஒன்று வைத்திருந்தேன். அதுவும் ஒரு நாள் காணவில்லை. பெட்டியில் தேடினேன், கட்டிலடியில் தேடினேன். கடைசியில் அது மெயின் வால்வின் கழுத்தில், எனக்கு நான் கட்டிக்கொள்வதைவிட நேர்த்தியாக, இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு இருந்தது.

"அண்ணாச்சி! அது என் மஃப்ளர். எனக்குச் சளி பிடிக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்குப்பிள்ள, உமக்குச் சளி புடிச்சா மாத்திர இருக்கு. வால்வுக்குச் சளி புடிச்சா என்ன வே இருக்கு?"

பதில் யோசித்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். வழியில் நான்கு முறை தும்மினேன்.

சாக்குச் சுற்றுவதோடு விட்டிருந்தால் ஜனங்கள் பொறுத்திருப்பார்கள். அண்ணாச்சி அடுத்து வீட்டுக்குள் நுழைந்தார். ஓடுகிற தண்ணீர் உறையாது, ஆகவே குளிர்கால ராத்திரிகளில் வீட்டுக்கு ஒரு குழாயாவது சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். டாங்கர் லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஊரில், குழாயைத் திறந்து வையுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவரை அடிக்காமல் விட்டார்கள் என்றால், அது அந்தக் குடும்பங்களின் வளர்ப்பு.

ஏழாம் நம்பர் வீட்டில் மயிலாப்பூர் மாமி ஒருவர் இருந்தார். அவர் கணவர் கண் டாக்டர். அண்ணாச்சியோடு நேருக்கு நேர் பேசத் துணிந்தவர் அந்தக் குடியிருப்பில் மாமி ஒருவர்தான்.

"ஏன்யா, விடிய விடிய சொட்டினா தண்ணி வீணாகாதோ?"

"வீணாகாதும்மா. அடியில ஒரு பக்கெட்ட வச்சிருங்க."

"பக்கெட் எதுக்கு? கீழே சாக்கடையிலேயே போகட்டுமே."

"ஐயய்யோ!" அண்ணாச்சி தலையில் கைவைத்துவிட்டார். "சாக்கடைக் கொழாயில சொட்டுச் சொட்டாப் போனா, சொட்டு மேல சொட்டு உக்காந்து உறைஞ்சு அடைச்சிரும்மா. மேல உள்ள கொழாயில சொட்டணும். கீழ உள்ள கொழாயில சொட்டப்படாது. ராத்திரி பூரா பக்கெட்டுல புடிச்சு, விடியக்காலம் ஒரே மூச்சா ஊத்துனா கடகடன்னு ஓடிரும்."

"விடியக்காலம் யார் எழுந்து ஊத்தறது?"

"நான் வந்து ஊத்துதேன்."

வந்தார். இருபத்து நான்கு வீட்டுக்கும் மேனேஜரை இருபத்து நான்கு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிக் கொடுக்கவைத்தார். தினமும் விடியற்காலையில் ஒவ்வொரு பின்கட்டாகப் போய், 'தள்ளிக்கிடுங்கம்மா' என்று குரல் கொடுத்துவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்ப்பார். கவிழ்த்துவிட்டுக் குனிந்து, அது ஓடுகிற சத்தத்தைக் கடைசிவரை கேட்பார். கச்சேரியில் முன்வரிசைக்காரர் முகத்தில்கூட அப்படி ஒரு திருப்தியை நான் பார்த்ததில்லை.

மாமி கெட்டிக்காரர். அண்ணாச்சி தலை மறைந்ததும் குழாயை இறுக மூடிவிடுவார். படுக்கப் போகுமுன் டிரம்மிலிருந்து அரை பக்கெட் தண்ணீரை மொண்டு வைத்துவிடுவார். காலையில் அண்ணாச்சி அதைப் பார்த்து, "ஏழாம் நம்பர்ல நல்லாச் சொட்டியிருக்கு" என்று என்னிடமே மெச்சியிருக்கிறார். இந்த ரகசியம் மாமி வீட்டுக்குப் பால் டப்பா கொண்டுபோய்க் கொடுத்த வகையில் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற வீடுகளில் முழு பக்கெட் போன இடத்தில், இங்கே ராத்திரிக்கு அரை பக்கெட் மிச்சமாவது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கேலிக்குக் குறைவில்லை. எங்கள் ஃபோர்மேன் கான் சாப், பாகிஸ்தானில் மலைப்பக்கம். அவர் ஊரில் பனி இடுப்பளவு விழுமாம். அவர் தினமும் பிக்கப்பை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி பாய்! இதர் பரஃப் மாஃபி!" என்று கத்துவார். இங்கே பனி கிடையாது என்பதை இந்தியிலும் அரபியிலுமாகக் கலந்து சொல்வது அது. அண்ணாச்சியும் விடாமல், "ஆயேகா, கான் சாப், ஆயேகா!" என்பார். வரும் வரும் என்று சொல்லிச் சொல்லி மூன்று குளிர்காலம் போனது. பனிதான் வரவில்லை.

வந்தது ஒரு புதிய கன்சல்டன்ட். சிவந்த முகம், அரை டிராயர், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஒப்பந்தத்தைப் புரட்டியவர் அந்த வரிக்கு வந்ததும் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார்: "வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நானே வந்து பார்க்கிறேன். இந்த ஊரில் ஒரு குழாயாவது உறையும் என்று எனக்குக் காட்டுங்கள். இல்லாவிட்டால் இந்த வரியை அடித்துவிடலாம்."

வரியை அடித்தால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். அண்ணாச்சிக்கு ஊரில் ஒரு வீடு பாதியில் நின்றது. நாலு சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. ஆனால் குழாய் மட்டும் எல்லாம் போட்டாகிவிட்டது. சுவர் எழுப்புவதற்கு முன்பே குழாயைப் பதித்துவிட்டாராம். அவர் மனைவி அடுத்த வீட்டில் ஒண்டிக்கொண்டு, கூரை எப்போது என்று மாதாமாதம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

விஷயத்தை நான்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன். மனிதர் கலங்கிப் போவார் என்று ஒரு டம்ளர் தண்ணீரும் கையோடு கொண்டுபோனேன்.

அவர் தண்ணீரை வாங்கி மடக்கென்று குடித்துவிட்டு, "சரி வே. நான் போன பொறவு விடியக்காலம் பக்கெட்ட யாரு ஊத்துவா?" என்றார்.

அன்று சாயங்காலம் சமையல் கொட்டகையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், கான் சாப், சமையல்காரர் காளிமுத்து. மூன்று வருஷமாகக் கேலி செய்தவர்களில் முதல் இரண்டு இடமும் இவர்கள் இருவருக்கும்தான். ஆனால் அண்ணாச்சி போய்விடுவார் என்றதும் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. காலையில் 'பரஃப் மாஃபி' என்று கத்த ஆளில்லாமல் கான் சாப் என்ன செய்வார்?

காளிமுத்துதான் ஆரம்பித்தார். கல்ஃபுக்கு வருமுன் பரமக்குடித் தெருக்களில் சைக்கிளில் சேமியா ஐஸ் விற்றவர் அவர். "ஏண்ணே, பனி தானா வரலேன்னா நாம வரவச்சா என்னாங்கிறேன்? வெறும் ஐஸ வச்சா ஒண்ணும் ஆகாது. ஐஸோட உப்பப் போட்டு அமுக்கணும். குச்சி ஐஸு உறையிறதே அப்படித்தான். அரை அங்குலக் குழாய் என்னா, பெரிய குச்சி ஐஸு. அம்புட்டுத்தேன்."

கான் சாபுக்கு நான் இந்தியில் விளக்கினேன். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். மீன் மார்க்கெட் பக்கத்து ஐஸ் கடையிலிருந்து ஐஸ் பாளங்கள் கொண்டுவருவது அவர் பொறுப்பு.

எந்த வீட்டுக் குழாய் என்ற கேள்வி வந்தது. சொட்டுகிற குழாய் உறையாது. அண்ணாச்சியின் உத்தரவால் குடியிருப்பு முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. அதாவது, அந்த மனிதரின் பாதுகாப்பைத் தாண்டி அங்கே பனியை உள்ளே விட வழியே இல்லை. ஏழாம் நம்பரைத் தவிர. நான் முதல் முறையாக மாமியின் ரகசியத்தை வெளியிட்டேன்.

வியாழக்கிழமை வெளுக்கிற நேரத்தில், அண்ணாச்சி இருபத்து நான்காம் நம்பரிலிருந்து பக்கெட் கவிழ்க்க ஆரம்பித்திருந்தபோது, நாங்கள் ஏழாம் நம்பர் சமையலறைப் பின்சுவரில் வேலையைத் தொடங்கினோம். மூன்று பாளம் ஐஸை உடைத்து, எட்டுக் கிலோ உப்பைக் கலந்து, குழாயைச் சுற்றி அண்ணாச்சி கட்டிய சாக்கை அவிழ்த்து உள்ளே அமுக்கி மறுபடி கட்டினோம். அவருடைய சாக்கே எங்களுக்கு உறையாக அமைந்தது. என் விரல்கள் பத்தும் மரத்துப்போயின. பத்தும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சி வழக்கம்போல் ஏழாம் நம்பருக்கு வந்தபோது, காளிமுத்து சூடான டீயை நீட்டி அவரை வாசல் பக்கமாகவே நிறுத்திவிட்டு, தானே உள்ளே போய்ப் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

எட்டு மணி நெருங்கியதும் சாக்கைப் பிரித்து ஐஸை வாரி எடுத்துவிட்டோம். குழாய் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கான் சாப் விரலால் சுண்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு, பனியை அறிந்தவர் என்ற முறையில், "பக்கா" என்று தீர்ப்புச் சொன்னார். சாக்கை மறுபடி சுற்றிவிட்டு ஒதுங்கினோம். இனி கன்சல்டன்ட் வரவேண்டியதுதான்.

எட்டு அடித்தது. அவர் வரவில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு வண்டிகள் போயின. ஒன்றும் திரும்பவில்லை.

அப்போது உள்ளேயிருந்து மாமியின் குரல்: "ஐயையோ, குழாயிலே ஜலமே வரலையே! தொட்டி ரொம்பியிருக்கே! யாராவது வாங்கோளேன்!"

அண்ணாச்சி எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. பின்சுவரில் நின்றார். சாக்கை அவிழ்த்தார். குழாயில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் கையை எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டார். எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வந்துட்டு வே," என்றார், மெதுவாக.

அடுத்த கணம் கத்தினார்: "காளிமுத்து! சோத்துக்கு வச்ச வெந்நிய எடுத்தா! அம்மா, கொழாயத் தொறந்து வையிங்க, மூடிராதிய!" சட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. கன்சல்டன்ட் இப்ப வந்துடுவார். அவர் இதைக் கண்ணால பார்க்கணும். பார்த்தாத்தான் உங்க வேலை நிலைக்கும். அப்படியே விடுங்க."

"அப்படியே விடவா? வெடிச்சிரும் வே!"

"வெடிச்சா வெடிக்கட்டும். ஒரு குழாய்தானே!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கையை எடுத்துவிட்டேன். ஒரு குழாய்தானே என்று ஊட்டியிலும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கலாம்.

கான் சாப் கடைசி முயற்சியாக, தீயைப் பீய்ச்சும் ப்ளோ லாம்ப்பை எடுத்துக்கொண்டு வந்தார். சீக்கிரம் உதவுவதுபோல் நடித்து நேரத்தைக் கடத்தலாம் என்று திட்டம். அண்ணாச்சி அதைப் பிடுங்கித் தூர எறிந்தார். "நெருப்பக் காட்டுனா உள்ள ஆவியாகிக் கொழாய் பொளந்துரும்! கூறு இருக்கா உமக்கு?" இது தமிழில்தான். கான் சாபுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

கிழித்த சட்டையை வெந்நீரில் நனைத்துக் குழாயில் சுற்றினார். முதலில் கீழே, திறந்துவைத்த குழாய்ப் பக்கம். பிறகு ஒரு சாண் மேலே. பிறகு இன்னொரு சாண். பனியனோடு, அந்தக் குளிரில், முதுகில் ஆவி பறக்க. மாமி உள்ளே குழாயடியில் நின்றுகொண்டு, "வரலை... இன்னும் வரலை..." என்று சொல்லிக்கொண்டே அழுதார். "என்னாலேதான். நான்தான் தினமும் மூடி வெச்சேன். பக்கெட்டிலே டிரம் ஜலத்தை ஊத்தி வெச்சேன்."

"பரவால்லம்மா," என்றார் அண்ணாச்சி, சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து. "நாளையிலருந்து சொட்டவிடுங்க."

ரோட்டில் ஹாரன் கேட்டது. கன்சல்டன்ட்டின் வண்டி திரும்பியது. இன்னும் ஒரே ஒரு நிமிஷம் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தால் போதும் என்று நான் எல்லாத் தெய்வங்களையும் வேண்டினேன். தண்ணீர் வரக்கூடாது என்று பாலைவனத்தில் வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குழாய் இருமியது. துப்பியது. அண்ணாச்சி உள்ளே பாய்ந்து கையை நீட்ட, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பனிக்கட்டி அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அவர் அதை ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கன்சல்டன்ட் அப்போதுதான் இறங்கி, மேனேஜரோடு பேசி, மூக்கைச் சிந்தி, வானிலையைப் புகழ்ந்து, சாவகாசமாக நடந்து வந்தார். அண்ணாச்சி கையை நீட்டினார். "சார்! ஐஸ்!"

உள்ளங்கையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

கன்சல்டன்ட் அந்தக் கையைக் குலுக்கினார். சமையலறைக்குப் போய்க் கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். நான் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லப் போனேன். அண்ணாச்சி என் தோளில் ஈரக்கையை வைத்து அமுக்கினார்.

குளிர் முடியும்வரை இருக்கட்டும் என்று மேனேஜர் பெரிய மனது பண்ணினார். அதுவரை பக்கெட்டுகள் கவிழ்ந்தன. ஏழாம் நம்பரில் நிஜமாகவே சொட்டியது. மாமி அதற்குப் பிறகு குழாயை மூடவேயில்லை. கான் சாப் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிக்கப்பை நிறுத்தினார். தலையை நீட்டினார். ஒன்றும் கத்தாமல் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

துபாய் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஏற்றிவிட நான் போயிருந்தேன். இரண்டு பெட்டி, ஒரு மூட்டை. மூட்டையில் சாக்கு இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. டாக்சிக்காரர் 'யல்லா, யல்லா' என்று அவசரப்படுத்தினார். அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"காளிமுத்துகிட்ட ஒண்ணு சொல்லும். அடுத்த தடவ உப்பக் கொறச்சுப் போடச் சொல்லும். கொழாய் துருப்புடிச்சிரும்."

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி... உங்களுக்குத் தெரியுமா?"

"உப்பளத்துல பொறந்தவனுக்கு உப்புக் கரிக்காதா வே? கைய வாயில வச்சதுமே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சுமா... கொஞ்சம் பொறுத்திருந்தா வேலை நிலைச்சிருக்குமே. உங்க வீட்டுக் கூரை..."

"நீங்க மூணு பேரும் கொண்டாந்து வச்சியளோ, வானத்துலருந்து வந்துதோ, அது அந்தக் கொழாய்க்குத் தெரியுமா? அதுக்கு உள்ள உறைஞ்சது நெசந்தானே." மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கூர இன்னைக்கில்லன்னா நாளைக்கிப் போட்டுக்கிடலாம். இந்தத் தடவ நான் முழிச்சிருந்தேன் வே."

ஊட்டிக் கதையை அவர் சொல்லிக் கேட்டது அதுதான் இருபதாவது முறை. குழாய் அளவு சரியாக அரை அங்குலம்.

டாக்சி கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். பிரித்தால் என் மஃப்ளர். துவைத்து மடித்திருந்தது. வால்வு இருந்த இடத்தில் மட்டும் ஒரு துரு வளையம். அதன் பிறகு எத்தனையோ சோப்புப் போட்டும் அது போகவில்லை.

இப்போது தாம்பரத்தில் இருக்கிறேன். மார்கழி பிறந்தால் என் தொண்டை இன்னும் தகராறு பண்ணுகிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் மஃப்ளரை எடுக்கிறேன். மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் வெறும் உடம்போடு நிற்கிறது. இந்த ஊரில் ஒன்றும் உறையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கி வருகிறேன். மருமகள் கேட்டாள், நீங்க இருமறீங்களே மாமா, அதை ஏன் அங்கே கட்டறீங்க என்று.

எனக்குச் சளி பிடித்தால் மாத்திரை இருக்கிறது.